முயல் காலுக்கு ஒரு பாலிமர் ஒட்டு

வெந்து போச்சு

ஆட்டோகிளேவ் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தா, உள்ள நான் செஞ்சு வெச்ச பாலிமர் பட்டைங்களைக் காணோம். தட்டுக்கு அடியில ஆறிப்போன நெய் மாதிரி வெள்ளையா என்னவோ உறைஞ்சு கெடந்துச்சு. ஆட்டோகிளேவ்னா பெருசா ஒண்ணும் இல்ல, ஆபரேஷன் கத்தி கத்திரிக்கோலை எல்லாம் நீராவில வேக வெச்சு கிருமியைக் கொல்ற பெரிய குக்கர். உள்ள நூத்தி இருபத்தோரு டிகிரி. என் பட்டை அறுபது டிகிரி வந்தாலே உருகிடும். அதனால அதை ஸ்பிரிட்டுல ஊற வெச்சு, யு.வி. லைட்டுல காட்டி கிருமி எடுத்து வெச்சிட்டு நான் சாப்பிடப் போனேன். அவ்ளோ தான். அறுந்த தசைநாணுக்கு பாலிமர் ஒட்டு செய்யுற எங்க தொழில்ல, வேலையைக் கெடுக்க எதிரியே வேணாம், அக்கறையான ஃபிரண்டு ஒருத்தன் போதும்.

அந்த ஃபிரண்டு பேரு பிரபு. புவனகிரிக்காரன், என் கூட அதே புராஜெக்ட்ல இருக்கான். "நீ மறந்துட்டேன்னு நெனச்சேன் மச்சான், நானே போட்டுட்டேன், ரெண்டு ரவுண்டு ஓட்டிட்டேன்"னு சிரிச்சிக்கிட்டே வந்தான். ஒரு ரவுண்டு பத்தாதுன்னு ரெண்டு ரவுண்டு! தசைநாண்னா தசையையும் எலும்பையும் சேர்த்துக் கட்டி வெக்கிற வெள்ளைக் கயிறு. ஊர்ல அதையும் நரம்புன்னு தான் சொல்வாங்க. அது அறுந்தா எங்க பட்டையைப் பாலம் மாதிரி வெச்சுத் தெப்பாங்க. அது மேலேயே புது நாண் வளரும், பட்டை மெல்ல மெல்லக் கரைஞ்சு போயிடும். இது வரைக்கும் பேப்பர்ல. நெசமா நடக்குதான்னு பார்க்க, சிதம்பரத்துல இருக்குற விலங்குக் கூடத்துல ஒரு முயலுக்கு வெச்சுப் பார்க்க அனுமதி வாங்கி இருந்தோம். அந்த அனுமதி வருசக் கடைசியோட முடியுது. முதல் முயல் கால் ஊனி நடந்தா, அனுமதி குடுத்த கமிட்டி புராஜெக்ட்டை நீட்டிக்கும். நடக்கலேன்னா லேபுக்குப் பூட்டு. எங்கப்பா ஏற்கெனவே சிப்காட்ல ஒரு சாயக் கம்பெனில எனக்கு சூப்பர்வைசர் வேலைக்குச் சொல்லி வெச்சிட்டாரு.

ரெண்டு பேரும் தட்டைத் தூக்கிட்டு மேடம் ரூமுக்குப் போனோம். மேடம் தான் எங்க புராஜெக்ட் தலைவி. திட்டுவாங்க, கத்துவாங்கன்னு நின்னா, அவுங்க கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு அந்த நெய்க் கட்டியை ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "கிருமி ஒண்ணு கூட இருக்காது. அதுல எனக்கு சந்தேகமே இல்ல."

மீன் தொட்டி

எங்க மெஷினைப் பத்தி இப்பவே சொல்லிடறேன், டிரம் பக்கத்துல தான் சுத்திக்கிட்டு இருக்கு, ஊசி அடைக்கிற வரைக்கும் எனக்கு டைம் இருக்கு. பஞ்சு மிட்டாய் மெஷின் தான், கொஞ்சம் ஷோக்கா. சிரிஞ்சுல பாலிமர் கரைசல். ஊசி முனையில ஆயிரக்கணக்குல வோல்ட். எதிர்ல தையல் மெஷின் மோட்டார்ல வேகமா சுத்துற ஒரு டிரம். கரண்ட்டு இழுக்க இழுக்க, கண்ணுக்கே தெரியாத நூலா பறந்து போய் டிரம்ல சுத்திக்கும். எல்லா நூலும் ஒரே திசையில அடுக்கா விழும், நம்ம நாண் உள்ள இருக்குற மாதிரியே. மொத தடவை அதை மைக்ரோஸ்கோப்ல பார்த்த அன்னிக்கு நான் லேபுலேயே விசில் அடிச்சேன். இப்பவும் பார்த்தா அடிக்கணும் போலத் தான் இருக்கு.

ஆனா அப்ப ரெண்டாயிரத்துப் பத்து, ஐப்பசி தாண்டி கடலூர்ல மழை பிச்சிக்கிட்டு ஊத்துது. காத்துல ஈரம் ஜாஸ்தியானா நூல் நூலா விழாது, ஜவ்வரிசி மாதிரி முண்டு முண்டா விழும். புதுசா போட்ட மொதப் பட்டை பூரா ஜவ்வரிசி. அப்பத் தான் பிரபு, பண்ண பாவத்துக்குப் பரிகாரம் மாதிரி, ஒரு ஐடியா சொன்னான். பெரிய கண்ணாடித் தொட்டியைக் கவுத்து மெஷின் மேல மூடிட்டு, உள்ள ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா மணியைக் கிண்ணம் கிண்ணமா வெச்சிடலாம்னு. நல்ல ஐடியாவா தான் பட்டுச்சு. மழையில நனைஞ்சிக்கிட்டே திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு வண்ண மீன் கடைக்குப் போனோம்.

கடைக்காரரு ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுனாரு. கோல்டு ஃபிஷ்ஷா, கப்பியான்னாரு. மீன் வேணாம்ணே. அப்ப தண்ணி மாத்துற மோட்டாரு? தண்ணியே ஊத்த மாட்டோம்ணே. அடியில போட கலர் கல்லு? அடியே இருக்காதுண்ணே, கவுத்துத் தான் வெப்போம். அவரு கையில இருந்த மீன் வலையைக் கீழ வெச்சிட்டு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாரு. "தண்ணி வேணாம், மீனு வேணாம், தொட்டியையும் கவுத்து வெப்பீங்கன்னா... என் கிட்ட ஏன் தம்பி வந்தீங்க?"

நேரடி லைன்

தொட்டி வேலை செஞ்சுச்சு! ஜவ்வரிசி போயி நூல் வந்துச்சு. வேற தொல்லை ஆரம்பிச்சுது, கரண்ட்டு. பட்டை பாதி தடிமனுக்கு வந்திருக்கும்போது போயிடும். போயிட்டு வந்தப்புறம் மேல சுத்துனா அது பழசோட ஒட்டாது, வெங்காயத் தோல் மாதிரி தனித் தனியா உரியும். அதனால முழுசா தூக்கிப் போட்டுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். மேடம் லேப் டைம்டேபிளை அழிச்சிட்டு கரண்ட்டு கட்டாகுற நேரத்தைப் பார்த்து புதுசா எழுதுனாங்க. அதுக்கப்புறம் சொல்லாமக் கொள்ளாம வேற நேரத்துல போக ஆரம்பிச்சுது.

பிரபுவுக்கு அத்தை பையன் ஒருத்தரு லைன்மேனா இருக்காரு. அவரு எங்க ஏரியா கூட இல்ல, சேத்தியாத்தோப்புப் பக்கம். இருந்தாலும் பிரபு நம்பிக்கையோட ஸ்பீக்கர்ல போன் போட்டான். மச்சான், முயலுக்கு ஆபரேஷன் இருக்கு, அதுக்குத் தான் இந்த மெஷின் ஓடுது, ஒரு மூணு மணி நேரம் யாருகிட்டயாவது சொல்லி நிறுத்தாம பார்த்துக்கயேன்னு கெஞ்சினான். அந்தப் பக்கம் கம்பத்துக்கு மேல இருந்து தான் பேசுனாரு போல, காத்து சத்தம் கேட்டுச்சு. "மச்சான், இங்க மனுசன் ஆபரேஷனே ஜெனரேட்டர்ல ஓடுது. மொயலுக்கு நேரடி லைன் கேக்குதாடா?"

மாமாவோட விரல்

என் தாய்மாமா ஓல்டு டவுன்ல மீன் வெட்டிக் குடுக்குற கடை வெச்சிருக்காரு. வஞ்சிரம் வெட்டும்போது கத்தி நழுவி ஆள்காட்டி விரல்ல நாண் அறுந்துடுச்சு. பெரியாஸ்பத்திரில டாக்டருங்க ஒழுங்காத் தெச்சு, அட்டை வெச்சுக் கட்டி அனுப்பிட்டாங்க. ஆனா மாமாவுக்குப் பயம். தையல் விட்டுடுமோ, விரல் மடங்காமலே போயிடுமோ, கத்தியைப் பிடிக்க முடியாதோன்னு. எங்கம்மா சும்மா இருக்காம, "நம்ம அருளு அதுக்குத் தான்டா படிக்கிறான்"னு சொல்லி விட்டுடுச்சு. மனுசன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நேரா லேபுக்கே வந்துட்டாரு.

"டேய் அருளு, அந்த பிளாஸ்டிக்ல ஒரு துண்டு எனக்கும் வெச்சுவிடு"ன்னாரு. நான் உக்கார வெச்சு சொன்னேன். மாமா, இது மனுசங்களுக்கு வர இன்னும் எத்தனையோ வருசம் ஆவும், உங்க விரலை டாக்டருங்களே சரி பண்ணிட்டாங்க, அவுங்க சொன்ன பயிற்சியை மட்டும் விடாம செய்யுங்க, எண்ணெய் போட்டு நீவுறேன்னு எவன் கிட்டயும் கையைக் குடுக்காதீங்க. இப்ப இது மொத மொதலா ஒரு முயலுக்குத் தான் போவுது. அதுவே நிக்குமான்னு எனக்குத் தெரியல. பட்டையே இன்னும் ஒண்ணு கூட ஒழுங்கா வரல இல்லையா. மாமா கவுத்து வெச்ச தொட்டியைப் பார்த்தாரு, டிரம்மைப் பார்த்தாரு, தன் விரலைப் பார்த்தாரு. "அப்ப இந்த விஷயத்துல மொயல் எனக்கு சீனியராடா?"

பாய் கடை

ஒரு ராத்திரி கரண்ட்டு போகாம நின்னதுல, ஒரு வழியா நல்ல பட்டை கைக்கு வந்துச்சு. ஆபரேஷன் பண்ணப் போற கால்நடை டாக்டர் போன்ல சொன்னாரு, புதுப் பட்டை பழசை விட மெல்லிசா இருக்குன்னா தையல் எப்படி நிக்குதுன்னு மொதல்ல நீங்களே பார்த்துட்டு வாங்க, முயலை மயக்கிப் படுக்க வெச்சிட்டு நாம யோசிச்சிக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு. நியாயம் தான். நாணுக்கு எங்க போறது? கோழிக் கால்! சின்னப் புள்ளையில எல்லாரும் விளையாடி இருப்போமே, கோழிக் காலுக்குப் பின்னாடி இருக்குற வெள்ளை நாணைப் பிடிச்சு இழுத்தா விரல் எல்லாம் மடங்கும். அதே தான்.

முதுநகர்ல ஒரு பாய் கோழிக்கடையில போய் கால் மட்டும் தாங்கன்னு வாங்கிட்டு வந்தோம். சூப்புக்குன்னு நெனச்சு அவரே தோலை உரிச்சு, நகத்தை வெட்டி, மிளகு ஜாஸ்தியா போடச் சொல்லிக் குடுத்தாரு. மறுநாளும் போனோம். அதுக்கு மறுநாளும் போனோம், இந்தத் தடவை தோலை உரிக்காதீங்க, நாணு வெட்டுப்படாம இருக்கணும்னு கேட்டோம். அவருக்கு சந்தேகம் வந்துடுச்சு. பிரபுவுக்குப் பொய் சொல்ல வராது. அறுத்து, நடுவுல எங்க பட்டையை வெச்சுத் தெச்சு, இழுத்துப் பார்க்குறோம் பாய், முந்தாநாள் தெச்சது அறுந்துடுச்சு, முடிச்சு போடுற விதத்தை மாத்துனதும் நேத்து நின்னுடுச்சுன்னு ஒரே சந்தோஷமா எல்லாத்தையும் சொல்லிட்டான். பாய் கத்தியைத் துடைச்சுக்கிட்டே யோசிச்சாரு. "காலைல நான் வெட்டுறேன், சாயங்காலம் நீங்க தெக்கிறீங்க. நமக்குள்ள என்ன தம்பி பகை?"

பானெட் மேல

கடலூர்ல இருந்து சிதம்பரத்துக்கு பஸ்ல போனோம். பட்டை ஒரு ஸ்டெரைல் கவர்ல, கவர் ஒரு எவர்சில்வர் டப்பாவுல, டப்பா என் மடியில. சூடுன்னாலே எனக்கு அப்ப பேய் பயம். வெயிலே இல்ல, மழை தான், இருந்தாலும் ஜன்னல் பக்கம் கையை வெச்சு மறைச்சிக்கிட்டே உக்காந்திருந்தேன். புதுச்சத்திரம் தாண்டினதும் கூட்டம் ஏறிடுச்சு. ஒரு அம்மா கைக்குழந்தையோட வந்து நிக்கவும் நான் எழுந்து எடம் குடுத்தேன். கண்டக்டர் நல்ல மனுசன், நான் ஒத்தைக் கையால தொங்கறதைப் பார்த்துட்டு, "குடு தம்பி"ன்னு டப்பாவை வாங்கி, டிரைவர் பக்கத்துல இருக்குற இஞ்சின் பானெட் மேல வெக்கப் போயிட்டாரு. அந்தப் பானெட் மேல டிபன் பாக்ஸை வெச்சா ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள சாம்பார் கொதிச்சிடும்!

நான் போட்ட சத்தத்துல டிரைவர் பிரேக்கையே போட்டுட்டாரு. குழந்தை அழுவுது. எல்லாரும் டப்பாவையே பார்க்குறாங்க. சும்மா சொல்லக் கூடாது, குண்டுன்னு நெனச்சிடுவாங்களோன்னு எனக்கு பயம் வந்துடுச்சு. பிரபு தான் எல்லாருக்கும் கேக்குற மாதிரி வெளக்கம் சொன்னான், முயலுக்குக் கால் நரம்பு சார், சூடு பட்டா போச்சுன்னு. கண்டக்டர் டப்பாவை ரெண்டு கையாலயும் பிடிச்சு பிரசாதம் மாதிரி என் கிட்ட திருப்பிக் குடுத்தாரு. விசிலை ஊதுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டாரு: "நரம்பு போட்டா மட்டும் ஆமையை ஜெயிச்சிடுமா தம்பி?"

மயக்க ஊசி

விலங்குக் கூடத்துல வெள்ளை முயல், செவந்த கண்ணு, நல்ல புஷ்டியா உக்காந்திருந்துச்சு. டாக்டர் மயக்க ஊசி போட்டு, வலி தெரியாம இருக்க மருந்தும் குடுத்து, இடது பின்னங்காலைச் சவரம் பண்ணி, சின்னதாக் கீறி, நாணை வெளில எடுத்தாரு. அவ்ளோ அழகா பளபளன்னு இருந்துச்சு. நான் இத்தனை மாசமா காப்பி அடிக்கப் பார்த்த சமாச்சாரம் அது தான்! அதுல ஒரு துண்டை அவரு எடுத்ததும் ரெண்டு முனையும் சுருக்குன்னு மேலயும் கீழயும் ஓடிப் போச்சு. நடுவுல இடைவெளி. எங்க பட்டையை அங்க வெச்சாரு. மொதத் தையல். ரெண்டாவது தையல். அப்புறம் இடுக்கியால பட்டையைப் பிடிச்சு வேணும்னே ஒரு இழு இழுத்தாரு.

அறுவல. பட்டை நின்னுச்சு, நான் தான் நிக்கல. சுவரைப் பிடிச்சிக்கிட்டே மெதுவா சறுக்கி தரையில உக்காந்தது மட்டும் தெரியும். கண்ணைத் தொறந்தா பிரபு என் மூஞ்சில தண்ணி தெளிக்கிறான், டாக்டர் கை நிறுத்தாம தெச்சிக்கிட்டே எட்டிப் பார்க்குறாரு. "ஏம்பா, மயக்க ஊசி மொயலுக்குத் தான போட்டேன்?"

எக்ஸ்ரே காலர்

கால் ஆடக் கூடாதுன்னு தகடு வெச்சுக் கட்டியாச்சு. முயல் முழிச்சதும் செஞ்ச மொத வேலை கட்டைக் கடிச்சது தான். முயலுங்களைப் பார்த்துக்குற கலியமூர்த்தி அண்ணன் கட்டு மேல வேப்பெண்ணெய் தடவுனாரு. அதையும் நக்கித் தின்னுட்டு கட்டைக் கடிச்சுது. கட்டு அவுந்தா தையல் போச்சு, தையல் போனா எல்லாம் போச்சு. டாக்டர் ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்து புனல் மாதிரி சுருட்டி அது கழுத்துல மாட்டி விட்டாரு. யாரோ ஒரு நாயோட விலா எலும்பு. கடிக்கவும் முடியல, திரும்பவும் முடியல, விலா எலும்புக்கு நடுவுல இருந்து எங்களை முறைச்சுது. கலியமூர்த்தி அண்ணன் கீரைக் கட்டைக் கூண்டுக்குள்ள வெச்சிட்டு வருத்தமா சொன்னாரு: "நரம்பும் இரவல், எலும்பும் இரவல். இந்த மொயலுக்குன்னு சொந்தமா காது மட்டும் தான் சார் இருக்கு."

எந்தக் கால்?

சில வாரம் கழிச்சு கட்டைப் பிரிச்சாங்க. முயல் அந்தக் காலைத் தரையில ஊனவே இல்ல. இழுத்துக்கிட்டு தான் போச்சு. டாக்டர் தொட்டுப் பார்த்துட்டு, இத்தனை நாள் கட்டுல இருந்த கால், பொறுங்கன்னாரு. எப்படிப் பொறுக்குறது? உள்ள அறுந்திருந்தா குதிகால் தரையோட தட்டையாப் படுத்துடும். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் சிதம்பரம் ஓடி, கூண்டு முன்னாடி தரையில படுத்து, அந்தக் குதிகாலையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒருநாள் பார்த்தா தூக்கி இருக்குற மாதிரி தெரியும், ஒருநாள் படுத்துட்ட மாதிரி தெரியும். அப்படிப் படுத்திருக்கும்போது தான் அப்பா போன் பண்ணாரு. சாயக் கம்பெனில ஒண்ணாந்தேதி வந்து சேரச் சொல்றாங்க, நான் என்னடா பதில் சொல்லட்டும்னாரு. நாளைக்குச் சொல்றேம்பான்னேன். அவரு திட்டாம சரிடான்னு போனை வெச்சிட்டாரு, அது தான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

மறுநாள் எடை போடற நாள். பிரபு முயலைக் கூண்டுல இருந்து தூக்குறான். பின்னங்காலைச் சரியாத் தாங்கிப் பிடிக்கல. அது ஒடம்பை ஒரு முறுக்கு முறுக்கி, பின்னங்காலை மடக்கி, அவன் வயித்துல விட்டுச்சு பாருங்க ஒரு உதை! பிரபு 'அம்மா'ன்னு தராசு மேல சாஞ்சான், முயல் துள்ளித் தரையில குதிச்சு, நாலு காலையும் ஊனி, மேஜைக்கு அடியில பாஞ்சு மூலைல போய் உக்காந்துச்சு. சட்டை கிழிஞ்சு நகம் பட்டு ரத்தம் வருது அவனுக்கு. ஆனா அவன் வயித்தைப் பிடிச்சிக்கிட்டு கத்துறான், "இடது கால் மச்சான், இடது கால், நம்ம கால்!" டாக்டர் மேஜைக்கு அடியில தவழ்ந்து போய் முயலைப் பிடிச்சு, குதிகால் பின்னாடி விரலை வெச்சு அழுத்தினாரு. நாண் அறுந்து போகல, நல்லாத் தான் இருக்குன்னு தலையை ஆட்டுனாரு. நானும் பிரபுவும் கட்டிப் பிடிச்சிக்கிட்டு குதிச்சோம், ரத்தம் என் சட்டையிலயும் ஆச்சு.

உடனே மேடத்துக்கு போன். மேடம், முயல் பிரபுவை உதைச்சிடுச்சு, வயித்துல ரத்தம்னு மூச்சு விடாம சொன்னேன். அவுங்க பிரபுவுக்கு எப்படி இருக்குன்னு கேக்கல. "எந்தக் கால்?"னு தான் கேட்டாங்க. ஆபரேஷன் பண்ண கால் மேடம்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. அவுங்களும் என்னை மாதிரியே இத்தனை நாள் தூங்காம இருந்திருக்காங்கன்னு அப்பத் தான் புரிஞ்சுது. அப்புறம் எப்பவும் போல அதிகாரமா சொன்னாங்க: "பிரபுவுக்கு டி.டி. ஊசி போடு, மொயலுக்கு கேரட் வாங்கிப் போடு. கேரட்டை மொதல்ல வாங்கினாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மைக்ரோஸ்கோப்ல பார்க்கணும், இழுத்துப் பார்க்கணும், இன்னும் எத்தனையோ முயலுக்கு நின்னு காட்டணும், எல்லாம் பாக்கி இருக்கு. ஆனா கமிட்டி நீட்டிச்சிடுச்சு, அப்பா கம்பெனிக்குப் போன் பண்ணி பையன் வரலைன்னு அவரே சொல்லிட்டாரு, என் டிரம்மும் சுத்திக்கிட்டு இருக்கு. மத்த தொழில்ல வேலை நல்லா இருந்தா கை குடுப்பாங்க, எங்க தொழில்ல வயித்துலயே உதைப்பாங்க, அந்த உதை விழுந்தா தான் எங்களுக்கு நிம்மதியா தூக்கமே வரும்.